ஏர் ஹாரன் இல்லாத வண்டி

ஏப்ரல் 3, வியாழன்

குணசேகரன் வேன் வாங்கி வந்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காஷ்மீர் முதல் கௌஹாத்தி வரை லாரி ஓட்டிய தகப்பன் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது, செல்போனில் எவனோ பேசுகிற வீடியோவைப் பார்த்துவிட்டுப் போய் வண்டி வாங்கியிருக்கிறான். சேலத்தில் ஒரு டூரிஸ்ட் கம்பெனி ஓட்டிய பழைய வேன். பதிமூன்று சீட். இதற்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து, கோடை விடுமுறையில் குடும்பத்தோடு சிக்மகளூர் போய், அங்கிருந்து கடற்கரையோரமாகக் கோவா வரைக்கும் போவதாகத் திட்டம். ஓட்டலில் அறை எடுக்க வேண்டியதில்லை, வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே தூங்கலாமாம். நான் அப்படித்தான் பாதி ஆயுளைக் கழித்தேன். அப்போது யாரும் அதைச் சுற்றுலா என்று சொல்லவில்லை.

யோசனை மருமகள் கிருத்திகாவுடையது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சங்ககிரி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து வேன் ஓட்டவும் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதுவும் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

நான் வரவில்லை என்று சொன்னேன். யாரும் கெஞ்சவில்லை. சாயங்காலம் போய், நான் ஓட்டுவதாக இருந்தால் வருகிறேன் என்றேன். குணசேகரன் தலையைச் சொறிந்துகொண்டு, பாதித் தூரம் நீங்கள் ஓட்டுங்கள், மீதியை நானும் கிருத்திகாவும் பார்த்துக்கொள்கிறோம் என்றான். ஒப்புக்கொண்டேன்.

வண்டியை நான் உள்ளே விடும்போது இடது பக்கக் கண்ணாடி கேட்டுத் தூணில் இடித்து மடங்கியது. அந்தத் தூணைக் கட்டிய கொத்தனார் அன்றைக்கே சரியில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

சீட்டுகளைக் கழற்றினோம். போல்ட்டெல்லாம் துருப்பிடித்திருந்தது. குணசேகரன் ஸ்பேனரைப் பிடிக்கிற அழகைப் பார்த்தால், இவன் போர்வெல் உதிரிபாகக் கடை வைத்துப் பிழைக்கிறான் என்று யாரும் நம்பமாட்டார்கள். நான் படிப்பு ஐந்தோடு நிறுத்தியவன். கழற்றிப் போட்டதை மறுபடி மாட்டித்தான் மெக்கானிக் வேலை கற்றேன். அதை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றபோதெல்லாம் அவனுக்கு டியூஷன் இருந்தது.

கிருத்திகா கட்டம் போட்ட தாளில் வண்டியின் உட்புறத்தை வரைந்து வைத்திருக்கிறாள். பின்னால் கட்டில், அதற்கடியில் சாமான் பெட்டி, இடது பக்கம் கதவை ஒட்டி அடுப்பு, வலது பக்கம் மடக்கு மேசை. அடுப்பு வலது பக்கம்தான் இருக்க வேண்டும் என்றேன். கதவுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் புகை வெளியே போகும் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. இடது பக்கம் அடுப்பு இருந்தால் ஏறும்போதே கை பட்டுவிடும்.

பாவாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவரு சொல்றபடியே வலப்பக்கம் வெச்சுரு கண்ணு. அவருக்கு அதுதான் தோதா இருக்கும்" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பக்கம் பேசாதவள் இன்றைக்குப் பேசினாள்.

ஏப்ரல் 9, புதன்

கரண்ட் இல்லை, வேலையும் இல்லை. பாவாயி டம்ளரை வைக்கக்கூடாத இடத்தில் வைத்திருக்கிறாள். காபி முழுவதும் வேட்டியில்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தரைக்கும் பக்கச் சுவருக்கும் ப்ளைவுட் அடித்தாகிவிட்டது. வெயில் உள்ளே இறங்காமலிருக்க அதற்கடியில் தெர்மாகோல். சின்ன சிலிண்டருக்கு வண்டியின் பின்பக்கம் தனிப் பெட்டி. அதன் அடித்தளத்தில் ஓட்டைகள் போட வேண்டும், கேஸ் கசிந்தால் கீழேதான் இறங்கும் என்றேன். கிருத்திகா தன் தாளைக் காட்டினாள். அதில் ஏற்கெனவே ஓட்டைகள் வரைந்திருந்தாள். அந்த விஷயத்தில் தகராறு இல்லாமல் போனது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

தகராறு ஹாரனில் வந்தது. இந்த வண்டியில் இருப்பது சைக்கிள் மணி மாதிரி ஒரு சத்தம். பழைய லாரியில் இருந்ததைப் போல ஏர் ஹாரன் மாட்ட வேண்டும் என்றேன். அது இப்போது தடை என்றாள் கிருத்திகா. மலைப்பாதையில் அடித்தால் யானையே வந்துவிடும் என்றான் குணசேகரன். சிரித்தார்கள். பேத்தி மிருதுளாவும் சேர்ந்து சிரித்தாள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஹாரனைப் பற்றி என்ன தெரியும்.

தார்ப்பாயையும் சக்கரத்துக்குக் கொடுக்கிற தடுப்புக்கட்டைகளையும் நானே எடுத்து வைத்தேன். அவை அவர்களுடைய தாளில் இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. வடை, பாயசம். பாவாயி இப்போதெல்லாம் சாப்பிடும்போது என் வலது பக்கம் வந்து உட்காருகிறாள். எப்போதும் இடது பக்கம் உட்கார்ந்தவள். கேட்டால் ஃபேன் காற்று இங்கேதான் வருகிறது என்கிறாள். ஃபேன் நடுவில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 19, சனி

தண்ணீர்த் தொட்டி, சின்ன மோட்டார், குழாய். முதல் தடவை ஓடவிட்டபோது மூட்டுக்கு மூட்டு ஒழுகியது. இரண்டாம் தடவை ஒரே இடத்தில். மூன்றாம் தடவை பாத்திரம் கழுவினோம்.

பாவாயியைக் கட்டிலில் படுத்துப் பார்க்கச் சொன்னேன். கால் நீட்டிப் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, படுத்தபடியே வெளியே பார்க்க ஒரு சின்ன ஜன்னல் இருந்தால் தேவலை என்றாள். நாற்பத்தெட்டு வருடத்தில் என்னிடம் அவள் கேட்டவற்றை விரல்விட்டு எண்ணலாம். உடனே கோடு போட்டு, தகடு வெட்டும் ஜிக்‌ஷாவை எடுத்தேன்.

வெட்டு கோணலாகிவிட்டது. இடது மூலை இரண்டு விரல் கீழே இறங்கிப்போனது. வாடகைக்கு எடுத்த ஜிக்‌ஷா, பிளேடு ஆடுகிறது. கிருத்திகா சுற்றிலும் அகலமான மரச்சட்டம் வைத்து மறைத்துவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது. கொசுவலையும் அடித்திருக்கிறாள்.

ஏப்ரல் 23, புதன்

வெள்ளோட்டம். சங்ககிரி வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. குணசேகரன் கடைக்கும் கிருத்திகா பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தார்கள். பாவாயியும், பரீட்சை முடிந்து லீவில் இருக்கும் மிருதுளாவும் என்னோடு வந்தார்கள். பிள்ளை முன் சீட்டில்.

வண்டி நன்றாக இழுக்கிறது. பிரேக் கொஞ்சம் ஆழம். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை தானாக எல்லாவற்றையும் ஞாபகப்படுத்திக்கொண்டது. எதிரே வந்த லாரிக்கு வழிவிட இடது பக்கம் ஒதுங்கினேன். மிருதுளா வீறிட்டாள். பிரேக்கை மிதித்தேன். டி.வி.எஸ்.ஸில் மாட்டுத் தீவனத்துக்கான சோளத்தட்டுக் கட்டோடு ஒரு பெண்பிள்ளை போயிருக்கிறாள். ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கி, வண்டி ஒரு பக்கம், கட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

அடி ஒன்றும் இல்லை. முழங்கையில் சிராய்ப்பு. எழுந்து நின்று புடவையைத் தட்டிக்கொண்டு, "கண்ணு அவிஞ்சா போச்சு? மனுசி போறது தெரியல?" என்று கேட்டாள். அவள் திடீரென்று குறுக்கே வந்துவிட்டாள். ரோட்டில் எப்படிப் போவது என்று இந்தக் காலத்தில் யாருக்கும் தெரிவதில்லை. பாவாயி இறங்கிப் போய் அவளோடு சேர்ந்து தட்டைகளைப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். கை பிடித்து ஏதோ பேசினாள். நான் சீட்டை விட்டு இறங்கவில்லை.

திரும்பும்போது மிருதுளா, "அவுங்க குறுக்க வர்ல அப்பாரு. ரொம்ப நேரமா நம்ம முன்னாடியேதான் போயிட்டிருந்தாங்க" என்றாள்.

வீடு வரைக்கும் இரண்டாவது கியரில் வந்தேன். வெயில் அதிகம்.

ஏப்ரல் 24, வியாழன்

வண்டியைத் தொடவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

காலையில் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஹாலில் நின்று வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். காலண்டர் இல்லை. சுவரும் இல்லை. அதிகாலைப் பனியில் நிற்பதைப் போல இருந்தது. கையை எடுத்தேன், காலண்டர் இருந்தது. அடுத்து இடது கண்ணை மூடிப் பார்த்தேன். காலண்டர் தெரிந்தது. அதற்கு இடது பக்கத்தில் இருக்கும் கடிகாரம் தெரியவில்லை.

ஒரு முறைதான் பார்த்தேன். மறுபடி பார்க்கவில்லை.

சாயங்காலம் குணசேகரன் வந்ததும் சொல்லிவிட்டேன். ஏர் ஹாரன் இல்லாத வண்டியை நான் ஓட்டமாட்டேன். எனக்கென்று ஒரு கௌரவம் இருக்கிறது. நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள், நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். அவர்கள் ஹாரன் மாட்டப்போவதில்லை என்பது தெரிந்த விஷயம். யானை ஜோக் அடித்தவர்கள்தானே. விஷயம் முடிந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

முடியவில்லை. குணசேகரன் நாமக்கல் போய் ஏர் ஹாரன் வாங்கி வந்திருக்கிறான். காற்று டேங்க், டியூப், சுவிட்சு எல்லாம். மத்தியானத்துக்குள் மாட்டியும்விட்டான். அடித்துக் காட்டினான். தெருவில் படுத்திருந்த நாய்கள் எழுந்து ஓடின.

கிருத்திகா, "ஊருக்குள்ள மட்டும் அடிக்க வேண்டாங்க மாமா. மத்தபடி உங்க இஷ்டம்" என்றாள்.

சட்டம் பேசினவள். பதினான்கு வருடமாக இந்த வீட்டில் நான் சொன்ன எதற்கும் முதல் தடவையில் சரி என்று சொல்லாதவள்.

ஏப்ரல் 28, திங்கள்

யோசித்துப் பார்த்தேன். வழி விஷயத்தைக் கையில் எடுத்தேன். மலைப்பாதையில் இந்த வண்டியைக் கொண்டுபோவது முட்டாள்தனம், நான் சொல்கிற வழி பெங்களூர், ஹூப்ளி, நேராகக் கோவா, அதற்குச் சம்மதமில்லை என்றால் நான் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்றேன். சிக்மகளூருக்குப் போக வேண்டும் என்று கிருத்திகா ஒரு வருடமாகக் காபித் தோட்டங்களின் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறாள். இதற்கு அவள் மசியமாட்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்குள் பதில் வந்துவிட்டது. சரியாம். காபித் தோட்டத்தை இன்னொரு வருடம் பார்த்துக்கொள்ளலாமாம்.

ஏப்ரல் 30, புதன்

நான் செய்தது அதிகம். எழுதித்தான் ஆக வேண்டும்.

கிருத்திகா வண்டி ஓட்டக்கூடாது என்று சொன்னேன். பொம்பளை ஓட்டுகிற வண்டியில் நான் ஏறியதில்லை, அவள் ஸ்டியரிங்கைப் பிடிப்பதாக இருந்தால் நான் பிடிக்கமாட்டேன் என்றேன். அவள் முகம் எப்படி மாறும் என்று பார்த்துக்கொண்டே சொன்னேன். கோபப்படுவாள், கத்துவாள், அப்படியென்றால் நீங்கள் ஓட்டவே வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு வாய் உண்டு. கல்யாணத்துக்கு மறுமாதமே வேலையை விடமாட்டேன் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னவள்.

"சரிங்க மாமா. நான் ஓட்டல" என்றாள். அவ்வளவுதான். பிறகு வண்டிக்குப் போய், ஸ்டியரிங்குக்குத் தைத்து மாட்டியிருந்த உறையைக் கழற்றி, மடித்து, வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போனாள்.

குணசேகரனுக்கு இடுப்பு வலி. தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. அது எனக்குத் தெரியும்.

மே 1, வியாழன்

திரைச்சீலை மாட்டினோம். மிருதுளா பல்பு வெளிச்சத்தில் வாசித்துப் பார்த்தாள். பேட்டரி இரவு முழுவதும் தாங்குகிறது. எல்லா வேலையும் முடிந்துவிட்டது. கழற்றவோ மாற்றவோ வண்டியில் ஒன்றும் மிச்சமில்லை.

மே 2, வெள்ளி

பாவாயி வண்டிக்குள் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்து, இந்த வீட்டில் எல்லோருக்கும் ஏதோ ஆகிவிட்டது, எதைச் சொன்னாலும் மண்டையை ஆட்டுகிறார்கள், முதுகெலும்பே இல்லை என்று சொன்னேன். அவள் புளி டப்பாவை இறுக்கி மூடினாள்.

"நாந்தானுங்க சொன்னேன். அப்பன் என்ன சொன்னாலும் செரின்னு சொல்லிருங்கன்னு."

ஏன் என்று கேட்டேன்.

"சாக்கு ஒவ்வொண்ணா தீரட்டும்னுதான்."

என்ன சாக்கு, யாருடைய சாக்கு என்று சத்தம் போட்டேன். அவள் சத்தம் போடவில்லை. தைப்பொங்கலிலிருந்து கவனித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். பொங்கலன்று அவள் நீட்டிய கரும்பை விட்டுவிட்டு நான் காற்றைப் பிடித்தேனாம். சோளத்தட்டோடு விழுந்த அந்தப் பெண்ணைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

இதையெல்லாம் அவர்களிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன்.

"இல்லீங்க. மனசு கோணாம போயிட்டு வரலாம்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

தெரிந்தவள் நேராக என்னிடம் சொல்வதற்கென்ன என்றேன். அதற்கு அவள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் சொன்னா நீங்க இல்லேம்பீங்க. ஒருக்கா இல்லேன்னுட்டா, அப்புறம் சாகற முட்டும் அதையே புடிச்சுக்குவீங்க. உங்களோட இத்தன நாளா குடும்பம் பண்றேன், எனக்குத் தெரியாதுங்களா? அது உங்க வாயிலிருந்துதான் வரோணும்."

வரவில்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"மிருதுவை ஏத்தமாட்டேன். காரணங் கேட்டா அப்பச் சொல்லுவேன். நாளன்னைக்குக் காத்தால சாவியை உங்க கையிலதான் குடுப்பாங்க. அதுக்கு முன்னாடி பாத்துக்கங்க."

நான் எழுந்து வந்துவிட்டேன். என்னை மிரட்ட யாருக்கும் உரிமை கிடையாது.

மே 3, சனி

யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மே 4, ஞாயிறு

பிள்ளையார் கோவில் வாசலில் வண்டிக்குப் பூஜை. மாலை, சந்தனம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். வீட்டில் மூத்தவர்தான் முதலில் வண்டியை நகர்த்திப் பழத்தை நசுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் லாரிக்கு என் அப்பா, ஓட்டத் தெரியாதவர், நான் நகர்த்தும்போது என் மடிமேல் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சொந்தபந்தம், ஒறம்பரை என்று ஏழெட்டுப் பேர் வழியனுப்ப வந்திருந்தார்கள். தேங்காய் உடைத்தாகிவிட்டது. குணசேகரன் எல்லோர் முன்னாலும் சாவியை இரண்டு கையாலும் கொடுத்தான்.

ஏறி உட்கார்ந்தேன். கிருத்திகா பின்னால் ஏறினாள். குணசேகரன் பிள்ளையைக் கூப்பிட்டான். பாவாயி மிருதுளாவின் கையைப் பிடித்தபடி கீழேயே நின்றாள். ஏறு ஏறு என்றார்கள் எல்லோரும். அவள் ஏறவில்லை. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவும் இல்லை.

இன்ஜினைப் போட்டேன். இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பினேன். கண்ணாடி தெரிந்தது. அதிலே ஜனங்கள் தெரிந்தார்கள். நேராகப் பார்த்தேன். கண்ணாடியும் போயிற்று, ஜனங்களும் போனார்கள். அந்தப் பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை குழந்தைகள் நிற்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை. பத்தடி நகர்த்தினால் போதும், அதற்குப் பிறகு வேறு ஏதாவது சண்டை பிடிக்கலாம் என்று நினைத்தேன். அந்தப் பத்தடிக்குள் இடது பக்கம் யார் என்று தெரியவில்லையே.

இன்ஜினை நிறுத்தினேன்.

கிருத்திகாவைக் கூப்பிட்டேன். பின்னாலிருந்து எழுந்து வந்தாள்.

"எனக்கு இடது பக்கம் தெரியறதில்ல. நீ ஓட்டு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. என்ன தெரியவில்லை என்று கேட்டாள்.

"கண்ணு தெரியல கண்ணு. அந்தக் கண்ணு சுத்தமா தெரியல. இந்தக் கண்ணும் பாதிதான்."

குணசேகரன் வெளியே நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தான். எத்தனை நாளாக என்றான். அவன் கண்ணில் தண்ணீர். எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள். ஒறம்பரையில் ஒருவர், நல்ல நேரம் முடியப்போகிறது என்றார். நல்ல மனுஷன்.

நான் இறங்கிச் சுற்றிவந்து, வண்டியைத் தொட்டுக்கொண்டே நடந்து, பின்னால் ஏறினேன். கிருத்திகா வீட்டுக்கு ஓடிப்போய் உறையை எடுத்துவந்து ஸ்டியரிங்கில் மாட்டினாள். சீட்டை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடிகளைத் திருத்தினாள். பாவாயி மிருதுளாவை ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், அவ்வளவுதான்.

நான்கு பழமும் நசுங்கின. கிளட்சை இரண்டு நொடி முன்னால் விட்டாள். சொன்னேன்.

மே 5, திங்கள்

கோவாவுக்குப் புறப்பட்ட வண்டி முதல் ராத்திரி சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் வாசலில் நின்றது. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இல்லை. குணசேகரனின் பிடிவாதம். இந்த மாதிரிப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை. காலையில் பாவாயி டீ போட்டாள். அங்கே காத்திருந்த நோயாளிகளின் வீட்டார் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். கோவா என்றேன். அவர் ஆஸ்பத்திரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு செத்துப்போயிருக்கிறதாம். இடது கண் இனி வராது. வலது கண்ணில் போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். ஆயுசுக்கும் விட வேண்டும். ஆறு மாதம் முன்னால் வந்திருக்கலாமே என்றாள். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறாள். இனி வண்டி ஓட்டக்கூடாது என்றும் சொன்னாள். ஒரு நாள் முந்திக்கொண்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் குணசேகரன், வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்றான். எல்லோரும் நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தார்கள். மருந்தை எங்கே வைத்து விட்டுக்கொண்டாலும் மருந்துதான் என்றேன். சிக்மகளூர் வழியாகவே போகட்டும், ஹூப்ளி ரோட்டில் பார்க்க ஒரு மண்ணும் கிடையாது என்றும் சொன்னேன். கிருத்திகா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு சாவியைப் போட்டாள்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால், வலது பக்கம் உட்கார்ந்து வருகிறேன். தொப்பூர் ஏற்றத்தில் முன்னால் இரும்பு லோடு லாரி. மூன்றாவது கியரிலேயே போ, அவனைத் தாண்டிவிடலாம் என்றேன். சரிங்க மாமா என்று சொல்லிவிட்டு இரண்டுக்கு இறக்கி, இடைவெளி விட்டு, மேடு முடியும் வரை அவன் பின்னாலேயே போனாள். வளைவில் எதிரே ஒரு டேங்கர் லாரி ராங் சைடில் நடுரோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது.

அவள் செய்ததுதான் சரி. அவளிடம் சொல்லவில்லை.